படிக்கட்டில் விழாத மெஷின்

1

மஸ்கட்டில் ரூவி பக்கம் ஒரு லாண்டரியில் ஏழு வருடமாக இருக்கிறேன். துணி உள்ளே போவதற்கு முன்னால் பாக்கெட் பார்ப்பது என் வேலை. பேனா, சாவி, பாதி தின்ற சாக்லேட், மருந்துச் சீட்டு என்று எது இருந்தாலும் எடுத்து ஒரு டப்பாவில் போட வேண்டும். போன வியாழக்கிழமை ஒரு பள்ளிக்கூட கவுன் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். காது கேட்காத பிள்ளைகள் காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் கையில் வந்தது.

கேரளாக்காரர் ஒருவர்தான் எங்களுக்கு சூப்பர்வைசர். டப்பாவில் போடு, தேடிக்கொண்டு வருவார்கள் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பில்லில் இருந்த முகவரியைப் பார்த்துவிட்டு ஓடினேன். இரண்டு தெரு. நாலாவது மாடி. லிஃப்டுக்கு நிற்க மனசு வராமல் படியேறினேன். கதவைத் திறந்த அம்மாள் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. என்னிடம் அவருக்கு ஏற்ற பாஷை இல்லை. கையை நீட்டினேன், என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அப்புறம் சுவரில் சாய்ந்து அழுதார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தை நின்றது. ஒரு பக்கக் கன்னம் மட்டும் சிவந்து வீங்கியிருந்தது. மெஷினைத் தொலைத்ததற்கு.

திரும்பி வந்து அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மெஷின் மாட்டிய பிள்ளைகளின் பெற்றோர் ஊரில் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறார்கள், அவர்களுக்கு அனுப்பப் போகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்தாதீர்கள்.

2

என் மகள் பவித்ரா. இப்போது பதினோரு வயது. பிறவியிலேயே காது கேட்காது. அது எங்களுக்குத் தெரிந்தது அவளுக்கு ஒன்றரை வயது ஆனபோது. அப்போது நந்தனத்துக்குப் பின்பக்கம் ஆற்றங்கரையில் குடியிருந்தோம். வீடுகளை எடுக்க ஜேசிபி வந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்து எங்கள் ஓட்டின் மேலேயே விழுந்தது. தெருவே அலறியது. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தேவகி, என் மனைவி, அவளை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தபோதுதான் கண்ணைத் திறந்தாள். திறந்து சிரித்தாள்.

நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் எங்களுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். மூன்று வயதில் அரசு ஆஸ்பத்திரியில், அரசுக் காப்பீட்டு அட்டையில், தலைக்குள் கருவி வைத்து ஆபரேஷன் நடந்தது. ஒரு ரூபாய் கேட்கவில்லை. எங்கே கேட்டாலும் நான் இதைச் சொல்வேன். ஆனால் உள்ளே வைத்ததற்கு ஜோடியாக வெளியே ஒன்று உண்டு. காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒயர், ஒயரின் நுனியில் வட்டமாக ஒரு காயில். காயில் காந்தத்தில் தலையோடு ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டியிருக்கிற வரைக்கும்தான் உள்ளே சத்தம் போகும். அந்த மெஷினுக்கு கியாரண்டி மூன்று வருடம். அப்புறம் ஒயர் அறுந்தாலும், பேட்டரி போனாலும், மெஷினே போனாலும் நம் பொறுப்பு. புதுசு ஒன்று வாங்க ஒரு ஆட்டோ வாங்குகிற காசு வேண்டும்.

ஆபரேஷன் முடிந்தால் காது கேட்டுவிடும் என்று நினைத்திருந்தோம். கேட்கக் கற்றுத்தர வேண்டும் என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் அடையாறில் தெரபி. அடுக்குமாடியிலிருந்து மூன்று பஸ் மாறி வர முடியாது. அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மைலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்தோம். தேவகி தி. நகரில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை பிரித்துப் போடுகிற வேலைக்குப் போனாள். நான் இங்கே வந்தேன்.

தெரபி டீச்சர் ஆரம்பத்தில் ஒன்று சொன்னார். வீட்டில் குழந்தையிடம் முழுசாகப் பேசுங்கள், தெளிவாகப் பேசுங்கள், வார்த்தையை முழுங்காதீர்கள் என்றார். தேவகி யோசித்திருக்கிறாள். நாம் பேசுவது எல்லாமே முழுங்குகிற பேச்சுதானே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பழைய புத்தகக் கடையில் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் வாங்கி வந்து, அதில் இருக்கிற மாதிரியே குழந்தையிடம் பேச ஆரம்பித்தாள். வீடியோவில் என்னைப் பார்த்து “இன்னாய்யா, துட்டு அனுப்சியா இல்லியா” என்பாள். அதே மூச்சில் திரும்பி, “பவித்ரா, விளக்கை அணைத்துவிடு” என்பாள். ஒன்றரை வருடம் கழித்துத்தான் டீச்சருக்கு விஷயம் தெரிந்தது. தலையில் கை வைத்துச் சிரித்துவிட்டு, நான் சொன்னது இது இல்லையே என்றாராம். அதற்குள் பவித்ராவுக்கு அந்தத் தமிழ் ஏறிவிட்டது. “பால் சூடாக இருக்கிறது” என்று சொல்கிற ஒரே பிள்ளை எங்கள் குடும்பத்தில் அவள்தான். தேவகியின் தம்பி முரளி ஆட்டோ ஓட்டுகிறான். அவன் மனைவி ராணி ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பெண், மீன் விற்கிறாள். அவள் முதல்முறை கேட்டுவிட்டு, “இன்னாடி இது, நியூஸ் வாசிக்கிற பொம்பள மாரி பேசுது” என்றாள்.

டீச்சர் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். தினமும் சாயங்காலம் ஒரு நோட்டில் அன்றைக்கு நடந்ததைப் படமாக வரைய வேண்டும். அதைப் பார்த்துக் குழந்தை வாயால் சொல்ல வேண்டும். முதலில் என்ன நடந்தது, பிறகு என்ன, கடைசியில் என்ன. நடக்காததைச் சேர்க்கக் கூடாது. கடையில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு வந்து தேவகி தினமும் அதைச் செய்தாள். மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோதும் செய்தாள்.

3

இங்கே எங்கள் கம்பெனி எனக்கு ஒரு மெடிக்கல் கார்டு தருகிறது. அதில் குடும்பம் என்கிற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கும். வந்த இரண்டாம் வருடம் ஆபீசுக்குப் போய் மகளைச் சேர்க்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். காது மெஷின் என்றேன். அவர் லாண்டரி மெஷின் என்று நினைத்து, அது மெயின்டெனன்ஸ் பிரிவு, பின்கட்டுக்குப் போ என்றார். புரியவைத்த பிறகு, விசாவில் இங்கே இருக்கிற குடும்பத்துக்குத்தான் கார்டு என்றார். குடும்பத்தை இங்கே கூட்டிவர என் சம்பளம் போதாது என்று அவரே சட்டத்தை எடுத்துக் காட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அதனால் ஊரிலேயே மெஷினுக்கு மட்டும் ஒரு இன்சூரன்ஸ் எடுத்தோம். முரளிக்கு ஆட்டோ இன்சூரன்ஸ் போட்டுக்கொடுக்கிற ஆள் எடுத்துக் கொடுத்தார். தொலைந்தால், திருடு போனால், தவறி விழுந்து உடைந்தால் கம்பெனி தரும். வேண்டுமென்றே உடைத்தால் தராது. அதைப் படித்துவிட்டு, யாராவது வேண்டுமென்று உடைப்பார்களா என்று சிரித்தேன்.

நான் பயந்த சுபாவம். ஊரிலிருந்து ஃபோன் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். வராவிட்டால், சொல்ல முடியாமல் மறைக்கிறார்கள் என்று தோன்றும். தினமும் வீடியோவில் பவித்ராவிடம் பேசுவேன். ரோட்டில் ஓரமாகப் போ. ஹாரன் கேட்டால் நில். கடல் தண்ணீர் மெஷினில் படக் கூடாது. பிளாஸ்டிக் சறுக்கு மரத்தில் ஏறாதே, அதில் கரண்ட் உண்டாகி மெஷினில் பதிந்ததெல்லாம் அழிந்துவிடும். யாராவது தலையைத் தட்ட வந்தால் விலகிக்கொள். இருபது நிமிடம், அரை மணி நேரம். அவள் பேசாமல் தலையாட்டிக்கொண்டே இருப்பாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கவனித்தேன். நான் ஆரம்பித்ததும் தலை சொறிகிற மாதிரி கையைக் கொண்டுபோய்க் காயிலை எடுத்துவிடுகிறாள். சத்தம் நின்றுவிடும். அப்புறம்தான் தலையாட்டுகிறாள். எத்தனை மாதமாக இப்படி என்று தெரியவில்லை. மாட்டச் சொல்லிவிட்டு, நான் இவ்வளவு நேரம் என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

“பத்திரமாக இரு என்று சொன்னீர்கள்” என்றாள்.

சரியான பதில்தான். அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

4

போன வருடம் ஒரு மாத லீவில் போயிருந்தேன். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் முரளியும் ராணியும் வஞ்சிரம் கொண்டுவந்தார்கள். அந்த ஒற்றை அறையில் ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில், முடிந்ததும் குப்பத்துக் கடற்கரைக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. நான் ஆரம்பித்தேன். அலைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. உப்புக் காற்றே மெஷினுக்கு ஆகாது. போன தடவை முரளி அவளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனது தப்பு. இப்படியே போய்க்கொண்டிருந்தேன்.

பவித்ரா எல்லாருக்கும் முன்னால் காயிலை எடுத்தாள். ஒளிவு மறைவு இல்லாமல் மெஷினையும் காதிலிருந்து கழற்றி இடது கையில் பொத்தி வைத்துக்கொண்டு, வலது கையால் மீனில் முள் எடுக்க ஆரம்பித்தாள்.

முரளி சத்தம் போட்டுச் சிரித்தான். “மாமா, நீ வாயத் தொறந்தா பொண்ணு கரண்ட்ட கட் பண்ணிக்கீது பாரு. எங்களுக்கும் ஆளுக்கு ஒரு மெஷின் வாங்கிக் குடு, நாங்களும் கட் பண்ணிக்கிறோம்.”

ராணிக்குச் சிரிப்பில் புரையேறியது. தேவகியும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ஆறு வருடம் பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவிப் பணம் அனுப்பிய என்னைப் பார்த்து என் வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். என் பேச்சு கேட்காத ஒருத்திதான் சிரிக்காமல் சாப்பிடுகிறாள்.

எழுந்து அவளை அறைந்தேன். கையில் சோறு இருந்தது. அவள் சாய்ந்து இரும்புக் கட்டிலின் காலில் தலை மோதினாள். மோதியது வலது பக்கம், உள்ளே கருவி இருக்கிற பக்கம். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அவள் விரல்களைப் பிரித்து மெஷினைப் பிடுங்கி சுவரில் அடித்தேன். உடையாததைப் பார்த்து ஆத்திரம் கூடி, எடுத்து சிமெண்டுத் தரையில் அடித்தேன். இரண்டாகப் பிளந்தது. அதன் மூடி பறந்துபோய்க் குழம்புச் சட்டியில் விழுந்தது. எனக்குள் ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தான், ஒன்று, இரண்டு என்று. மூன்றாவதுக்குக் கையை ஓங்கும்போது முரளி என் வாயில் குத்தினான்.

ஒரு பல் ஆடிவிட்டது. நான் அவன் தொண்டையைப் பிடித்தேன். இரண்டு பேரும் வாசலைத் தாண்டிச் சந்தில் உருண்டோம். என் தலையைப் பிடித்துச் சாக்கடைக் கல்லில் இரண்டு தடவை இடித்தான். அவன் கையைக் கடித்தேன், சதை வாயில் வந்தது. எதிர்வீட்டில் பூ கட்டுகிற அம்மாள் நாய்ச் சண்டையை விலக்குகிற மாதிரி ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் மேல் ஊற்றினாள்.

உள்ளே வந்தபோது பவித்ரா அழவில்லை. தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பில் விழுந்த மூடியைத் தேவகி எடுத்து முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். என் பக்கம் இரண்டு பேரும் திரும்பவில்லை.

5

எங்கள் ஆற்றங்கரையில் பெண்கள் எல்லாரும் எப்போதும் விழுந்துகொண்டே இருந்தார்கள். குழாயடியில் வழுக்கி விழுவார்கள், வாசல் தட்டி விழுவார்கள், பரண் ஏறி விழுவார்கள். என் அம்மா புருவம் கிழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கூடப் போனவன் நான். எப்படி என்று கேட்டார்கள். விழுந்துட்டேன் என்றாள். சீட்டு எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார். எழுதுகிறவருக்கும் தெரியும், சொல்கிறவளுக்கும் தெரியும். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். வாத்தியார் அடித்தார் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அப்பா அடித்த அடியில் கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் நானும் விழுந்துட்டேன் என்றேன். கட்டுப் பிரித்த பிறகு பள்ளிக்குப் போகவில்லை.

மறுநாள் காலை பவித்ராவை அடையாறு கிளினிக்குக் கூட்டிப்போனோம். மெஷின் போனது ஒரு பக்கம். கட்டிலில் மோதியதில் உள்ளே இருக்கிற கருவி உடைந்திருந்தால் மறுபடி தலையைத் திறக்க வேண்டும். அதற்கு எந்த அட்டையும் கிடையாது. கம்ப்யூட்டரோடு வேறொரு மெஷினை இணைத்து அவள் தலையில் ஒட்டிப் பார்த்தார்கள். திரையில் வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றாகப் பச்சையாக வேண்டும். ஒரு கட்டம் மட்டும் கொஞ்ச நேரம் மாறாமல் நின்றது. அப்புறம் அதுவும் பச்சையானது.

உள்ளே நன்றாக இருக்கிறது என்றார் பரிசோதித்த மேடம். எப்படி உடைந்தது என்று கேட்டார்.

“மாடிப்படில விழுந்துட்டா மேடம்” என்றாள் தேவகி.

மேடம் பவித்ராவின் கன்னத்தைப் பார்த்தார், என் உதட்டைப் பார்த்தார். புதுசு வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பழைய மெஷினை மூன்று வாரத்துக்குக் கடனாகக் கொடுத்தார். எழுதி வாங்கிக்கொண்டு, தேவகியின் கையில்தான் கொடுத்தார்.

6

முரளி அன்று சாயங்காலம் கையில் கட்டோடு வந்தான். என்னோடு பேசவில்லை, ஆனால் இன்சூரன்ஸ் ஃபாரத்தை வாங்கி அவனே நிரப்பினான். பவித்ராவுக்காக. எப்படி நேர்ந்தது என்கிற இடம் வந்தபோது பேனா நின்றது.

“மாடிப்படில எறங்கும்போது கால் வழுக்கிச்சு. மூணாவது படி” என்றாள் தேவகி.

“படி நம்பர்லாம் கேக்க மாட்டாங்கக்கா. ஆட்டோக்கு நான் எத்தினி தபா சொல்லிக்கீறேன். மாடு குறுக்க வந்துச்சுனு சொன்னேன், எந்த மாடுன்னா கேட்டான்?” என்றான் முரளி. என்னைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

சேதத்தைப் பார்க்க சர்வேயர் வருவார் என்று இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சொன்னார்கள். குழந்தையிடமும் கேட்கலாம். அதனால் தேவகி அந்த நோட்டை எடுத்தாள். தினமும் நடந்ததை வரைகிற அதே நோட்டு. ஒரு மாடிப்படி வரைந்தாள், ஒரு சின்னப் பெண் வரைந்தாள், கீழே ஒரு மெஷின். பவித்ரா ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது எப்போது நடந்தது?” என்றாள்.

“ஞாயிற்றுக்கிழமை நடந்தது” என்றாள் தேவகி.

“இது நடக்கவில்லையே.”

“நடந்தது என்று சொல்ல வேண்டும்.”

“ஏன்?”

தேவகி பென்சிலைக் கீழே வைத்தாள். சொன்னால்தான் புது மெஷின் கொடுப்பார்கள் என்றாள். இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் நாள் பவித்ரா தடங்கல் இல்லாமல் சொன்னாள். நான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்வாளா, முழித்துவிடுவாளா, அந்த ஆள் கன்னத்தைப் பார்ப்பானா, வீக்கம் வடிந்துவிடுமா என்று இதே கவலை. அவளுக்கு எதைக் கற்றுத்தருகிறோம் என்கிற கவலை ஒரு நிமிடம்கூட வரவில்லை.

7

சர்வேயர் ஐம்பது வயதுக்காரர். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தேவகி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வாசலுக்குப் பக்கத்தில் மேல் வீட்டுக்கு ஏறுகிற மாடிப்படியை ஃபோனில் படம் எடுத்தார். துண்டுகளைத் தட்டில் பரப்பித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு தடவை விழுந்ததுக்கு ரெண்டு எடத்துல அடிபட்டிருக்கே” என்றார்.

உருண்டு விழுந்தது சார் என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பேனாவை மூடப் போனவர் பவித்ராவைப் பார்த்து, எப்படிம்மா உடைஞ்சது, நீ சொல்லு என்று சும்மாதான் கேட்டார். கேட்காத குழந்தை என்பதால் வாயை அகலமாகத் திறந்து மெதுவாகக் கேட்டார்.

பவித்ரா கடன் மெஷினின் காயிலைச் சரிசெய்துகொண்டாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிட்டோம். அப்பா பேசினார். நான் மெஷினைக் கழற்றினேன். முரளி மாமா சிரித்தார். அப்பா என்னை அடித்தார். என் தலை கட்டிலில் மோதியது. அப்பா மெஷினைச் சுவரில் அடித்தார். பிறகு தரையில் அடித்தார். அம்மா என்னைத் தூக்கினார். கடைசியில், மாடிப்படியில் விழுந்தது என்று சொல்வதற்கு அம்மா படம் வரைந்தார்.”

நான் தேவகியைப் பார்த்தேன். அவள் உதடும் கூடவே அசைந்துகொண்டிருந்தது. ஏழு வருடப் பழக்கம். குழந்தை ஒவ்வொரு சொல்லையும் முடிக்கிறாளா என்று பார்த்துப் பார்த்து அவளும் முடித்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப்படுகிறது என்பது அவளுக்கு இன்னும் எட்டவில்லை.

சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

“அதுக்குச் சரியா சொல்ல வராது சார். செவிடு. எதையாவது சேத்துச் சேத்து ஒளறும்.”

தேவகி கையில் இருந்த சொம்பால் என் முகத்தில் அடித்தாள். கண்ணுக்கு மேலே கிழிந்து ரத்தம் இமைக்குள் இறங்கியது. நான் கையைத் தூக்குவதற்குள் இன்னொன்று காதில் விழுந்தது. ஒரு நிமிடம் எனக்கு எதுவும் கேட்கவில்லை, அவள் வாய் மட்டும் அசைந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது.

“யாருக்குயா சொல்ல வராது? யாரு ஒளர்றது? ஏழு வருசம் தொண்டத் தண்ணி வத்தக் கத்தி ஒவ்வொரு எழுத்தா வாங்குன பேச்சுயா அது. நீ அங்க துணி தோச்சிக்கினு இருந்த. நான் இங்க வாங்குனேன்.”

சர்வேயர் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். தேவகி சொம்பைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது.

“எழுதிக்கோ சார். எம் பொண்ணு இன்னா சொல்லுச்சோ அத அப்டியே எழுது. ஒண்ணும் மாத்தாத. அதான் நடந்துச்சு.”

“எழுதினா கம்பெனி தராதும்மா.”

“தெரியும் சார்.”

அவர் எழுதினார். பவித்ரா சொன்ன வரிசையிலேயே எழுதினார். ஒரு இடத்தில் நிறுத்தி, சுவருக்கு அப்புறம் தரையா பாப்பா என்று கேட்டார். ஆமாம் என்றாள். கையெழுத்து நான் போட வேண்டும் என்றார். தேவகி பேனாவை என்னிடம் நீட்டினாள். போட்டேன். காகிதத்தில் ரத்தம் சொட்டியது. அவர் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு, போய்த் தையல் போடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று தையல். தையல் போட்டவர் எப்படி என்று கேட்டார். என் பெண்டாட்டி அடித்தாள் என்றேன். அவரும் பக்கத்திலிருந்த நர்சும் சிரித்தார்கள். சும்மா சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

8

இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் நான் இங்கே திரும்பிய பிறகு வந்தது. மூன்று வரி ஆங்கிலம். முரளி ஃபோனில் அனுப்பினான். லாண்டரி கேஷியர் படித்துச் சொன்னார். வீட்டாரே வேண்டுமென்று உடைத்ததால் இல்லை என்று இருந்தது. எங்கள் குடும்பத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிய முதல் காகிதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கடன் மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஏழு மாதம் பவித்ரா சத்தம் இல்லாமல் இருந்தாள். நான் இரண்டு ஷிஃப்ட் பார்த்தேன். முதலில் அவளுக்கு ‘ச’ போனது. அப்புறம் வார்த்தைகளின் நுனி ஒவ்வொன்றாகப் போனது. தேவகி வேலை முடிந்து வந்து குழந்தையின் உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்து, காற்று படுகிறதா பார், இதுதான் ‘ச’ என்று சொல்லிக்கொடுத்தாள். தாங்கிப் பிடித்ததில் பாதிதான் நின்றது. புது மெஷின் வாங்கிய பிறகு மிச்சமும் மெதுவாகத் திரும்பி வருகிறது. அதற்கும் இன்சூரன்ஸ் எடுத்தோம். முன்னால் எப்போதாவது க்ளெய்ம் மறுக்கப்பட்டதா என்று ஃபாரத்தில் கேட்டிருந்தது. ஆம் என்று எழுது என்று தேவகியிடம் ஃபோனில் சொன்னேன். காரணம் கேட்டிருந்தது. அதையும் எழுதச் சொன்னேன். இன்சூரன்ஸ் ஆள் யோசித்துவிட்டு, கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

தேவகி என்னிடம் தேவையானதைப் பேசுகிறாள். முரளி பேசுவதில்லை. பவித்ரா யார் கேட்டாலும் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள், பூக்கார அம்மாளிடம், கிளினிக்கில் புதுசாக வரும் பெற்றோரிடம். மெஷின் எப்படி உடைந்தது என்றால் மீன் சாப்பிட்டதிலிருந்து ஆரம்பிப்பாள். யாரும் தடுப்பதில்லை. நானும்தான்.

கவுன் பாக்கெட்டில் மெஷின் கிடைத்த அன்று சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டேன். அந்தக் குழந்தையின் கன்னத்தைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ரோடு, கடல், சறுக்கு மரம் எதுவும் சொல்லவில்லை. இன்னிக்கி என்ன நடந்துச்சு என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள் சொன்னாள். கணக்கு டீச்சர் வரவில்லை, பெஞ்ச் மாற்றி உட்கார்ந்தாள், மழை தூறியது. காயில் தலையிலேயே இருந்தது. பத்து நிமிடம் அவள் கையைக் காதுப் பக்கமே கொண்டுபோகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடித்துவிட்டு அவளே கேட்டாள்.

“அப்பா, நீங்கள் எப்போது வருவீர்கள்?”

“ஏம்மா, அப்பாவப் பாக்கணுமா?”

“தேதி வேண்டும். அதற்கு முதல் நாள் மெஷினை ராணி அத்தை வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நீங்கள் போன பிறகு எடுத்துக்கொள்வேன்.”

வீட்டுப்பாடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கோபம் இல்லை. நோட்டும் பென்சிலும் கையில் தயாராக இருந்தன. தேவகி பின்னால் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

“அது வரைக்கும் உனக்கு ஒண்ணும் கேக்காதேம்மா” என்றேன்.

“முப்பது நாள்தானே” என்றாள்.

தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.